ரெண்டு நிமிஷத்துக்கு ஆறு வருஷம்

அமெரிக்காவில் ஃப்ளோரிடா டிஸ்னி வேர்ல்டில் 'ட்ரான்' என்று ஒரு ரோலர் கோஸ்டர் இருக்கிறது. பைக் ரேஸ்காரர் மாதிரி குனிந்து உட்கார்ந்து, மணிக்கு சுமார் 95 கிலோமீட்டர் வேகத்தில் நியான் வெளிச்சத்துக்குள் பாய வேண்டும். 'ஐயோ' என்று ஆரம்பித்து 'அம்மா' என்று முடிப்பதற்குள் இறக்கி விட்டுவிடுவார்கள். மொத்தம் ரெண்டு நிமிஷம். இதைக் கட்டப்போகிறோம் என்று மேடையேறி அறிவித்தது 2017 ஜூலை. பொதுமக்களுக்குத் திறந்தது 2023 ஏப்ரல். கிட்டத்தட்ட ஆறு வருஷம்.

இதே டிஸ்னி வேர்ல்டின் முதல் பூங்காவான மேஜிக் கிங்டமை 1967-ல் மண் வெட்ட ஆரம்பித்து, 1971 அக்டோபர் 1-ம் தேதி திறந்துவிட்டார்கள். சதுப்பு நிலத்தை வடித்து, ஏரி வெட்டி, கோட்டை கட்டி, ஹோட்டல் கட்டி, ரயில் விட்டு, எல்லாம் சேர்த்து நாலு வருஷ சொச்சம். நியூயார்க்கின் 102 மாடி எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு 1930-31ல் ஆனது 410 நாள். இத்தனைக்கும் 'ட்ரான்' புதுச் சரக்குகூட இல்லை. அச்சு அசலாக அதே ரைடு ஷாங்காய் டிஸ்னியில் 2016-லிருந்தே ஓடிக்கொண்டிருந்தது. வரைபடம் கையில் இருக்கிறது, நெதர்லாந்தின் வெகோமா கம்பெனி ஏற்கெனவே ஒரு தடவை செய்து கொடுத்திருக்கிறது. ஒரு காப்பி எடுக்க ஆறு வருஷமா?

"எங்க ஊர் மாரியம்மன் திருவிழாவுல லாரியில வந்து இறங்குது, மறுநாள் சாயங்காலம் ஜயன்ட் வீல் சுத்துது ஸார். இவனுங்க அங்க என்னதான் பண்றானுங்க?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

ஆனால் அந்த ஜயன்ட் வீல் அன்றைக்குக் கட்டப்பட்டதல்ல, அன்றைக்குப் பூட்டப்பட்டது. போன வாரம் வேறு ஊரில் சுற்றியது. அதற்கு முன்னால் இருபது வருஷமாக ஊர் ஊராகச் சுற்றியது. அதன் ஒவ்வொரு போல்ட்டும் எங்கே மக்கர் பண்ணும் என்று அந்த ராட்டினக்காரருக்குத் தெரியும். (அவருக்குத் தெரியாமல் போகும் நாட்களைப் பற்றி மறுநாள் பேப்பரில் படிக்கிறோம்.) ஒரு பெரிய பூங்காவில் வருகிற ரைடு பெரும்பாலும் உலகத்தில் அது ஒன்றுதான். அந்த இடத்து மண், அந்த இடத்துக் காற்று, அந்தக் கட்டடம் என்று தனியாகத் தைத்த சட்டை. ஷாங்காயில் தைத்ததை ஃப்ளோரிடாவுக்கு அப்படியே போட முடியாது. ஃப்ளோரிடாவில் கொஞ்சம் தோண்டினால் தண்ணீர், வருஷா வருஷம் புயல் வேறு. இது போதாதென்று 'ட்ரான்' கட்டியது, தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் குழந்தை குட்டியோடு நடமாடும் பூங்காவின் நடுவில். அவர்கள் தலைக்கு மேல் கிரேனைச் சுழற்ற முடியாது. பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த நீராவி ரயிலை 2018 டிசம்பரில் நிறுத்தினார்கள், மறுபடி விட்டது 2022 டிசம்பரில். நடுவில் கொரோனா வந்து பூங்காவையே நாலு மாதம் பூட்டியது.

சரி, இதெல்லாம் கூட்டினாலும் ஆறு வருஷம் வருமா? எனக்கு வரவில்லை. மிச்சக் கணக்குக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன்னால், அவசரமாகக் கட்டினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட வேண்டும். ஏனென்றால் 'சீக்கிரம் கட்டு' என்று கை தட்டுவதற்கு நமக்கு ஒரு செலவும் இல்லை. அதில் உட்காரப் போவது நம் பிள்ளைகள்.

வால்ட் டிஸ்னி தன் முதல் டிஸ்னிலேண்டை கலிஃபோர்னியாவில் ஆரஞ்சுத் தோப்பை வெட்டிச் சாய்த்து ஒரே வருஷத்தில் கட்டினார். 1954 ஜூலையில் ஆரம்பம், 1955 ஜூலை 17 திறப்பு விழா. டி.வி-யில் நேரடி ஒளிபரப்பு, பணம் போட்டதே ஏ.பி.சி. டெலிவிஷன் கம்பெனி. எனவே தேதியை மாற்ற வழியில்லை. அன்றைக்கு என்ன நடந்தது? அடிக்கிற வெயிலில் புதுத் தார் ரோடு இளகிப் பெண்களின் ஹை ஹீல்ஸ் புதைந்தது. பிளம்பர்கள் ஸ்டிரைக் செய்ததில், குடிதண்ணீர்க் குழாயா, கழிப்பறையா, ஏதாவது ஒன்றைத்தான் முடிக்க முடியும் என்ற நிலைமை. டிஸ்னி கழிப்பறையைத் தேர்ந்தெடுத்தார் (புத்திசாலி). கள்ள டிக்கெட் வைத்துக்கொண்டு ஏகப்பட்ட பேர் உள்ளே நுழைந்தார்கள். காஸ் கசிந்து ஒரு பகுதியையே கொஞ்ச நேரம் மூடினார்கள். டம்போ யானை ராட்டினம் ஓடத் தொடங்கியது ஒரு மாதம் கழித்து. கம்பெனிக்காரர்களே அந்த நாளுக்கு வைத்த பெயர் 'கறுப்பு ஞாயிறு'.

அதாவது ஒரு வருஷத்தில் பூங்காவைக் கட்டவில்லை, முக்கால்வாசி கட்டிவிட்டு மிச்சத்தை ஜனங்களை வைத்துச் சோதித்துக்கொண்டார்கள். அன்றைய ரைடுகள் மெதுவாக ஊர்கிற படகும் குட்டி ரயிலும் என்பதால் பெரும் ஆபத்தில்லாமல் தப்பித்தார்கள். 95 கிலோமீட்டர் வேகத்தில் அந்தச் சோதனை செல்லாது.

கொஞ்சம் கணக்குப் போடலாம், பயப்படாதீர்கள். 'ட்ரான்' வண்டி ஒன்றில் 14 பேர். 30 செகண்டுக்கு ஒரு வண்டி கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு 120 வண்டி, 1,680 பேர். இந்த எண்ணிக்கை வந்தால்தான் வாசலில் நிற்கிற க்யூ நகரும். ஆனால் ஓட்டம் ரெண்டு நிமிஷம். அப்படியானால் எந்த நேரத்திலும் ஒரே பாதையில் நாலைந்து வண்டிகள் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டிருக்கும். டிரைவர் கிடையாது. அவை மோதிக்கொள்ளாமல் யார் பார்ப்பது?

ரயில்வே சிக்னல்தான். பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 'பிளாக்' என்று பெயர். ஒரு பிளாக்கில் ஒரு வண்டிக்குத்தான் அனுமதி. முன்னால் போனது வெளியேறியதாக சென்சார் சொன்னால்தான் பின்னால் வருவதற்கு வழி திறக்கும், இல்லாவிட்டால் பிரேக் பிடித்து நிறுத்திவிடும். கேட்க எளிது. ஆனால் அந்த சென்சார் பொய் சொன்னால்? எனவே இன்னொரு சென்சார். இரண்டும் வேறு வேறு சொன்னால்? எல்லாவற்றையும் நிறுத்து. நடுவழியில் கரன்ட் போனால்? மழை பெய்து பிரேக் வழுக்கினால்? பாதி தூரத்தில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால்? இப்படி ஒவ்வொரு 'ஆனால்'-ஐயும் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுத்து, பிறகு நிஜமாகவே அந்த நிலைமையை உண்டாக்கிப் பார்க்க வேண்டும். வண்டியின் சக்கரம் பாலியூரித்தேன் மாதிரி பிளாஸ்டிக் சமாசாரம். சூடேறினால் வேகம் கூடும், குளிர்காலக் காலையில் சோம்பும். எனவே வெயிலிலும் குளிரிலும், காலியாகவும் கனமாகவும், ஆயிரக்கணக்கான தடவை ஓட்டுகிறார்கள். கனத்துக்கு மனித உருவத்தில் பிளாஸ்டிக் பொம்மை செய்து தண்ணீர் நிரப்பி பெல்ட் போட்டு உட்கார வைக்கிறார்கள். பொம்மைகள் புகார் சொல்வதில்லை.

கட்டிடம் எழும்பி, விளக்கெல்லாம் எரிந்து, 'எல்லாம் முடிஞ்சாச்சே, ஏன் இன்னும் திறக்கலை?' என்று வெளியே நிற்பவர்கள் பொருமுகிற அந்த மாதங்களில் நடப்பது இதுதான். இந்தத் தாமதத்தை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன்.

குறை சொன்னவர்கள் கதை ஒன்று இருக்கிறது. கான்ஸஸ் நகரத்தில் ஒரு தண்ணீர்ப் பூங்கா. உலகத்திலேயே உயரமான சறுக்குமரம் கட்ட வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை, கூடவே ஒரு டி.வி. நிகழ்ச்சிக்காரர்களின் ஆர்வம். 'வெரூக்ட்' என்று பெயர் வைத்தார்கள். ஜெர்மன் மொழியில் 'பைத்தியம்' என்று அர்த்தம். 51 மீட்டர் உயரம். மூணு பேர் உட்காருகிற ரப்பர் படகு செங்குத்தாக விழுந்து, எதிரே ஒரு மேட்டில் ஏறி இறங்க வேண்டும். மணல் மூட்டைகளை வைத்துச் சோதித்தபோது மேட்டில் படகு பறந்தது. இடித்துத் திருப்பிக் கட்டினார்கள். திறப்பு விழா ரெண்டு மூணு தடவை தள்ளிப் போனது. 2014 ஜூலையில் திறந்தார்கள். மேட்டுக்கு மேலே இரும்பு வளைவுகள் வைத்து வலை கட்டியிருந்தார்கள், ஒருவேளை பறந்தால் பிடிப்பதற்கு. யோசித்துப் பாருங்கள், படகு பறக்காது என்று நம்புகிறவர்கள் வலை கட்டுவார்களா? 2016 ஆகஸ்ட் 7-ம் தேதி படகு பறந்தது. பத்து வயதுப் பையன் ஒருவன் அந்த வளைவில் மோதி இறந்தான்.

வடிவமைத்தவர்களுக்கு அதற்கான இன்ஜினீயரிங் தகுதி இல்லை, அவசர அவசரமாகச் செய்தார்கள் என்று 2018-ல் குற்றப்பத்திரிகை வந்தது. சாட்சியம் முன்வைத்த முறை சரியில்லை என்று 2019-ல் கோர்ட் வழக்கைத் தள்ளுபடி செய்தது. சறுக்குமரத்தை இடித்தாகிவிட்டது. அந்த மாநிலம் தன் சட்டத்தை இறுக்கியது 2017-ல், சாவுக்குப் பிறகு.

இங்கிலாந்தில் ஆல்டன் டவர்ஸ் பூங்காவின் 'ஸ்மைலர்' கதை வேறு தினுசு. கட்டியதில் தப்பில்லை. 2015 ஜூன் 2-ம் தேதி, மேலே சொன்னேனே அந்த பிளாக் சிஸ்டம், அது ஒழுங்காக வேலை செய்தது. பாதையில் காலி வண்டி ஒன்று சிக்கி நிற்கிறது என்று கம்ப்யூட்டர் சொல்லி, பின்னால் வந்த வண்டியை நிறுத்தி வைத்தது. இன்ஜினீயர்கள், கம்ப்யூட்டர்தான் தப்பு என்று நினைத்து அதை மீறி வண்டியை அனுப்பினார்கள். 16 பேர் இருந்த வண்டி போய் மோதியது. இரண்டு இளம் பெண்களுக்குக் கால் போயிற்று. கம்பெனிக்கு 2016-ல் 50 லட்சம் பவுண்டு அபராதம். ரைடு ரெடியானால் போதாது, அதை இயக்குகிறவர்களும் ரெடியாக வேண்டும். எந்த விளக்கு எரிந்தால் எதைத் தொடக்கூடாது என்று கை பழகுவதற்கும் மாதக்கணக்கு வேண்டும். கேட்டில் நிற்கிற நமக்கு அதுவும் 'சும்மா பூட்டி வெச்சிருக்கான்' என்றுதான் தெரியும்.

நம் ஊரிலும் ஓர் உதாரணம் உண்டு. 2016 மே மாதம் தாம்பரம் பக்கத்தில் ஒரு பூங்காவில், புதிதாக நிறுத்திய ராட்டினத்தில் ஊழியர்களையே ஏற்றிச் சோதனை ஓட்டம் விட்டார்கள். விபத்து. ஓர் ஊழியர் இறந்தார், பலருக்குக் காயம். தண்ணீர் பொம்மையோ மணல் மூட்டையோ உட்கார வேண்டிய இடம் அது.

இப்போது மிச்சக் கணக்குக்கு வருகிறேன். என் கோபம் இங்கேதான்.

டிஸ்னியின் 'பேண்டோரா' இருக்கிறதே, அவதார் படத்தை வைத்துக் கட்டியது. படம் வந்தது 2009. பூங்காவில் அவதார் வரப்போகிறது என்று அறிவித்தது 2011 செப்டம்பர். கட்டுமானம் ஆரம்பித்தது 2014 ஜனவரி. திறந்தது 2017 மே. கடப்பாரை பிடித்த காலம் மூணேகால் வருஷம். காகிதம் பிடித்த காலம் ரெண்டேகால் வருஷம். தொங்குகிற மலைகளை நிஜமாகவே தொங்குவதுபோல் நிறுத்திக் காட்டியவர்களுக்கு மூணேகால் வருஷத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் அந்த ரெண்டேகால் வருஷம் யாருக்காக? வரைபடமே முடியாத ஒரு விஷயத்தை எதற்கு மேடை போட்டுச் சொல்ல வேண்டும்?

காரணம் பெரிய ரகசியமில்லை. பக்கத்துத் தெருவில் யூனிவர்ஸல் கம்பெனி ஹாரி பாட்டரை வைத்து 2010 ஜூனில் ஒரு கிராமமே கட்டிக் கூட்டத்தை அள்ளிக்கொண்டிருந்தது. 'எங்களிடமும் ஒன்று வருகிறது' என்று சொல்லியாக வேண்டும். ரசிகர் கூட்டம் கை தட்டும், பத்திரிகையில் படம் வரும், பங்குதாரர்கள் சமாதானமாவார்கள். சொல்வதற்குச் செலவில்லை. பிறகு உள்ளே கமிட்டி உட்காரும், மேலதிகாரி மாறுவார், பட்ஜெட்டை இந்த வருஷம் கொஞ்சம், அடுத்த வருஷம் கொஞ்சம் என்று தவணையில் பிரித்துக் கொடுப்பார்கள். தவணையில் கொடுத்தால் வேலையும் தவணையில்தான் நடக்கும். வீடு கட்டினவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 'ட்ரான்' விஷயத்தில் கொரோனாவையும் புயலையும் கழித்துவிட்டுப் பார்த்தால் எனக்குத் தெரிவது இந்தத் தவணைதான்.

சில சமயம் தவணைகூட வருவதில்லை. 2019-ல் டிஸ்னி ரசிகர் மாநாட்டில் மேரி பாப்பின்ஸ் கதையை வைத்து ஒரு ரைடு என்று ஆரவாரமாகச் சொன்னார்கள். 2020-ல் ஓசைப்படாமல் நிறுத்தினார்கள். அறிவித்ததற்கு மேடை, கைவிட்டதற்கு மேடை கிடையாது.

வாயை மூடிக்கொண்டு வேலை செய்ய முடியாதா என்றால், முடியும். அதே யூனிவர்ஸல், 2012 ஜனவரியில் 'ஜாஸ்' சுறா ரைடை மூடிவிட்டு அந்த இடத்தில் வேலையை ஆரம்பித்தது. என்ன வருகிறது என்று சொல்லவில்லை. ஹாரி பாட்டரின் டயகன் ஆலி என்று 2013 மே மாதம்தான் வாயைத் திறந்தார்கள். 2014 ஜூலையில் திறந்துவிட்டார்கள். உண்மையில் ஆன காலம் ரெண்டரை வருஷம். காத்திருந்தவர்களுக்கு அது 14 மாதம். யூனிவர்ஸலுக்கு நான் சர்டிஃபிகேட் கொடுக்கவில்லை. 2019 ஜூனில் அவர்கள் திறந்த ஹாக்ரிட் மோட்டார் பைக் கோஸ்டரில் முதல் நாள் க்யூ பத்து மணி நேரம். அடிக்கடி நின்று நின்று போனதால் பிறகு கொஞ்ச நாள் நேரத்தைக் குறைத்து ஓட்டினார்கள். இன்னும் ரெண்டு மாதம் பொம்மைகளை வைத்துச் சுற்றியிருக்கலாம்.

ஆக, எனக்குள்ள புகார் இது: ஆரம்பத்தில் அவசரமாகப் பேசிவிட்டு, கடைசியில் அவசரமாகத் திறக்கிறார்கள். தலைகீழாக இருக்க வேண்டியது.

தாமதத்தால் நல்லதே நடக்காதா என்றால், ஒரு வீட்டைச் சொல்ல வேண்டும். டிஸ்னிலேண்டின் 'பேய் மாளிகை'. வெளிக் கட்டடம் 1963-லேயே தயார். ஆவிகள் குடிவரலாம், இடம் காலி என்கிற பாணியில் வாசலில் ஒரு போர்டும் வைத்தார்கள். ஆறு வருஷம் பூட்டியே கிடந்தது. முதலில் நியூயார்க் உலகக் கண்காட்சி வேலைக்கு எல்லோரும் போய்விட்டார்கள். 1966 டிசம்பரில் டிஸ்னி இறந்துபோனார். உள்ளே இருந்தவர்களுக்குள் ஒரு சண்டை வேறு: பேய் பயமுறுத்த வேண்டுமா, சிரிக்க வைக்க வேண்டுமா? க்ளாட் கோட்ஸ் இருட்டும் சூழ்நிலையும் வேண்டும் என்றார். மார்க் டேவிஸ் நகைச்சுவை வேண்டும் என்றார். முதல் திட்டப்படி ஜனங்கள் கூட்டம் கூட்டமாக நடந்து பார்ப்பதாக இருந்தது. நடந்தால் மணிக்கு எத்தனை பேர் போக முடியும்? பழைய கணக்குதான், க்யூ நகராது. 1967-ல் வேறொரு ரைடுக்காக, நிற்காமல் சங்கிலியாக ஓடும் நாற்காலிகளைக் கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு நாற்காலியும் எங்கே திரும்ப வேண்டும், நீங்கள் எதைப் பார்க்க வேண்டும் என்று அதுவே தீர்மானிக்கும், சினிமா கேமரா மாதிரி. அதைக் கொண்டுவந்து மாளிகைக்குள் போட்டு 1969 ஆகஸ்டில் திறந்தார்கள்.

இன்றைக்கும் ஓடுகிறது. முதல் பாதி கோட்ஸ்: நீண்ட நடைபாதை, தானாக மூச்சு விடும் கதவு, யாரும் கண்ணில் படுவதில்லை. பிற்பாதி டேவிஸ்: சுடுகாட்டில் பேய்கள் பாட்டுப் பாடிக் கும்மாளம் போடுகின்றன. ஒட்டுப் போட்ட இடம் தெரிகிறது. தெரிந்தாலும் தப்பில்லை, பயந்தவனைச் சிரிக்க வைத்து அனுப்புவது நல்ல வரிசைதான். 1963-லேயே அடித்துப் பிடித்துத் திறந்திருந்தால் மெழுகு பொம்மைக் கண்காட்சி மாதிரி ஒன்று கிடைத்திருக்கும். அந்த ஆறு வருஷத்தில் அவர்கள் சண்டை போட்டது ரைடைப் பற்றி. இன்றைய ஆறு வருஷத்தில் பாதி, ரைடுக்குச் சம்பந்தமில்லாத மேஜைகளில் போகிறது.

மேஜை என்றதும் நம் ஊர் ஞாபகம் வருகிறது. திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் வொண்டர்லா பூங்கா 2025 டிசம்பரில் திறந்தது. 64 ஏக்கர், 611 கோடி ரூபாய். நிலம் கையில் வந்து வருஷக்கணக்காகியும் ஆரம்பிக்கவில்லை. காரணம் பாறையில்லை, தண்ணீரில்லை, டிக்கெட் மேல் 10 சதவீத உள்ளாட்சிக் கேளிக்கை வரி. அது தீர்ந்த பிறகுதான் வேலை வேகம் பிடித்தது. கட்டுவதைவிட, கட்டலாமா என்பதற்கு அதிக காலம்.

அங்கே 'தஞ்சோரா' என்று ஒரு கோஸ்டர், தண்டவாளத்துக்குக் கீழே கால்கள் தொங்க உட்காருகிற வகை. செய்தது ஸ்விட்ஸர்லாந்தின் போலிகர் அண்ட் மேபிலார்ட். இந்தக் கம்பெனி கோஸ்டர் இந்தியாவில் இதுதான் முதல். போனால் கொஞ்சம் சீக்கிரமாகவே போய், அது கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து நில்லுங்கள். முதல் பயணிகளை ஏற்றுமுன் வண்டி காலியாகச் சுற்றும், தினமும் செய்கிற சோதனை. அதற்குப் பிறகு உங்கள் முறை வந்து, மேலே ஏறும்போது நடுவில் வண்டி நின்றால் விசில் அடிக்காதீர்கள். பெரும்பாலும் முன்னால் போனது இன்னும் தன் பிளாக்கைக் காலி செய்யவில்லை என்று அர்த்தம்.